தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கலாமா? அடுத்த மாதம் பிரசவம், 68,000 ரூபாய் கேட்கிறார்கள்

மணிக்கூண்டு தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். துறைமுகத்துக்கு லோடு போகும் கண்டெய்னர் யார்டு ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மனைவிக்கு இது முதல் பிரசவம், 34-ஆவது வாரம் நடக்கிறது. தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார், அதில் கவலை இல்லை. கவலை வேறு ஒன்று.

இரண்டு மாதத்துக்கு முன்னால் செக்கப்புக்காக ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனையாவது மாதம், எப்போது தேதி என்று அன்பாக விசாரித்தார். கழுத்தில் அடையாள அட்டை இருந்ததால் ஆஸ்பத்திரி ஆள் என்றே நினைத்துவிட்டோம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் தனியார் வங்கியின் ஆள் என்பது போன் நம்பரைக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று போன். வளைகாப்பு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். 75 வருடத்துக்குச் சேமிப்பு, 68,000 ரூபாய், இஎம்ஐ உண்டு, இந்த வெள்ளிக்கிழமைக்குள் 5,000 கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். பிரசவம் ஆனதும் தூக்கிப் போடுகிற ரத்தம்தானே சார், குப்பைக்குப் போவதைச் சேமித்து வைத்தால் ரத்தப் புற்றுநோய், சர்க்கரை, ஆட்டிசம், எது வந்தாலும் உங்கள் குழந்தையின் மருந்து உங்கள் கையில் இருக்கும் என்றார்.

ஐசிஎஃப்பில் இருந்து ரிட்டயர் ஆன மாமனார், பாதிப் பணம் நான் தருகிறேன், கட்டிவிடுங்கள் மாப்பிள்ளை என்கிறார். அந்தப் பணத்துக்குக் குழந்தை பேரில் தங்கம் வாங்கி வை என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாவும் அன்றைக்கு மாறிவிட்டார். பேச்சோடு பேச்சாக அம்மா உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு சின்ன வெள்ளித் தாயத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் இருப்பது நான் பிறந்தபோது விழுந்த தொப்புள்கொடி. நான் பிறந்தது ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு வந்த பிறகு விழுந்த கொடியைப் பாட்டி காயவைத்துத் தட்டானிடம் கொடுத்து அடைத்து வாங்கினாராம். அதைப் பார்த்ததும் வந்தவர், பாருங்கம்மா, நம் முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே ஸ்டெம் செல்லை, அதாவது மற்ற அணுக்களை உருவாக்கும் மூல அணுவைச் சேமித்திருக்கிறார்கள், நாங்கள் செய்வதும் அதேதான் என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் அந்தத் தாயத்துச் செய்தி எனக்கும் பலமுறை வந்திருக்கிறது, அதனால் உடனே மறுத்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

என் கையில் 68,000 சும்மா இல்லை. பிரசவச் செலவுக்கு எடுத்து வைத்ததில் கைவைக்க வேண்டும், இல்லையென்றால் கடன். ஆனால் மனைவி இரவில் தூங்காமல், நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஆகி, அன்றைக்கே கட்டியிருக்கலாமே என்று நாம் நினைக்கும்படி ஆகிவிட்டால் என்று கேட்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாராவது சேமித்திருக்கிறீர்களா? யாருக்காவது உண்மையில் பயன்பட்டிருக்கிறதா?

பழைய வண்ணை அம்மா எழுதியது:

தம்பி, நான் கட்டினேன். 2016-இல் மகன் பிறந்தபோது. எங்கள் வீட்டுக்கும் இதே மாதிரிதான் வந்தார்கள், உங்கள் மனைவி கேட்கிற அதே கேள்வியைத்தான் நானும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஆகவே அவளைக் கோபிக்காதீர்கள், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அந்த பயம் வராமல் எப்படி இருக்கும்.

பிரசவம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு சான்றிதழ் வந்தது, தங்க நிறத்தில் ஓரம் போட்டு, குழந்தையின் பெயர் போட்டு. அதை லேமினேட் செய்து வைத்தேன். உள்ளே எழுதியிருந்த எண்கள் எதுவும் அப்போது எனக்குப் புரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. போன வருடம்தான், என் தங்கை மகளுக்கு ரத்தத்தில் பிரச்சினை என்று ஒரு ரத்தவியல் டாக்டரிடம் போனபோது இந்தச் சான்றிதழையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகப் படித்துச் சொன்னார். எடுத்த ரத்தம் 38 மில்லி. அதில் மொத்த அணுக்கள் 36 கோடி. கேட்க எவ்வளவு பெரிய எண்! ஆனால் இந்த ரத்தத்தை ஏற்றிச் செய்கிற சிகிச்சைக்கு நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி அணுக்களாவது வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்களாம். ஒரு தாளை எடுத்து 36-ஐ 2.5-ஆல் வகுத்துக் காட்டினார். 14 கிலோ சொச்சம் வந்தது. என் மகன் அப்போதே 26 கிலோ.

அதாவது என் பிள்ளை எல்கேஜி சேரும்போதே அந்தப் பை அவனுக்குப் போதாமல் போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் வருடா வருடம் சேமிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அளவு குறைவு என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். போன் போட்டுக் கேட்டபோது, ஒப்பந்தத்தில் பதினோராவது பக்கத்தில் இருக்கிறது மேடம் என்றார்கள். இருந்தது, உண்மைதான். பொடி எழுத்தில்.

எந்த நிறுவனம் என்று எழுதவில்லை, இது ஒரு நிறுவனத்தோடு நிற்கிற விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் கட்டுவதாக இருந்தாலும், எத்தனை மில்லிக்குக் கீழே வந்தால் பணத்தைத் திருப்பித் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

68,000 என்பது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டீர்களா? 2022 ஜூலை 17 வரை இந்த வங்கிகளுக்கு வரிவிலக்கு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள், இப்போது 18 சதவீதம். சேர்க்காத தொகை என்றால் 80,000-ஐத் தாண்டும். இஎம்ஐ வட்டி தனி.

லேபர்வார்டு அக்கா எழுதியது:

வடசென்னையில் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் 22 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். தம்பியின் கேள்வியைப் படித்ததிலிருந்து ஒரு வார்த்தை மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "குப்பைக்குப் போகிற ரத்தம்." அது குப்பைக்குப் போகிற ரத்தம் இல்லை, தம்பி. அது குழந்தையின் ரத்தம்.

பிள்ளை வெளியே வந்ததும் தாயின் வயிற்றின் மேல் போடுவோம். அப்போது கொடியைத் தொட்டுப் பார்த்தால் துடிக்கும். நீலமாக, முறுக்கின கயிறு மாதிரி தடிமனாக, விரலுக்கு அடியில் நாடி அடிப்பது போலவே துடிக்கும். நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் அந்த நேரத்தில் பிள்ளைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், சிலருக்கு மூன்று நிமிடம். அப்புறம் துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, கொடி வெளுத்துத் துவண்டுவிடும். அப்போது கிளாம்ப் போட்டு வெட்டினால் போதும். உலக சுகாதார நிறுவனமே ஒரு நிமிடத்துக்கு முன்னால் வெட்டாதீர்கள் என்று சொல்கிறது. இப்படிப் பொறுத்தால் பிள்ளைக்குள் போகும் ரத்தம் 80-லிருந்து 100 மில்லி வரை இருக்கும். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் ரத்தம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த ரத்தத்தோடு இரும்புச்சத்து போகிறது. தாய்ப்பாலில் கிட்டத்தட்ட எல்லாம் இருக்கிறது, ஆனால் இரும்புச்சத்து குறைவு, ஆகவே முதல் ஆறு மாதத்துக்குப் பிள்ளை பிறக்கும்போது கொண்டுவந்த கையிருப்பை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு ரத்தசோகை. தடுப்பூசி போட வருகிற பிள்ளைகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாலே தெரியும், உள்ளே வெள்ளையாக இருக்கும்.

இப்போது ரத்தத்தைச் சேமிக்கப் பையோடு வங்கி ஆள் வருகிறார். கொடியை வெட்டியதும் நஞ்சுப் பக்கம் இருக்கிற துண்டில் ஊசி குத்தி, மிச்சம் இருக்கிற ரத்தத்தைப் பையில் இறக்குவார்கள். நாம் மூன்று நிமிடம் பொறுத்துவிட்டால் பைக்குக் கிடைப்பது குறைந்துவிடும். பை நிறைய வேண்டும் என்றால் சீக்கிரம் வெட்ட வேண்டும். இரண்டும் முழுசாக நடக்காது. பொறுத்து வெட்டினாலும் எடுக்கலாம் என்று சொல்வார்கள், எடுக்கலாம்தான், ஆனால் பழைய வண்ணை அம்மாவுக்கு வந்த 38 மில்லியை விடவும் குறைவாக வந்தால் அதை வைத்து என்ன செய்வது? பை நிறையவில்லை என்று, சீக்கிரம் கிளாம்ப் போடுங்கள் சிஸ்டர் என்று என் காதுபடவே ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் போடவில்லை.

அப்புறம் அந்தத் தாயத்து. உங்கள் அம்மாவின் மனம் நோகும்படி யாரும் பேச வேண்டாம். என் மகனுடையதும் என்னிடம் இருக்கிறது. ஆனால் விழுந்து காய்ந்த கொடியில் உயிருள்ள அணு ஒன்றுகூட இருக்காது. ஸ்டெம் செல் இருப்பது கொடிக்குள் ஓடுகிற ரத்தத்தில். அதை வெளியே எடுத்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் பதப்படுத்தி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் கொண்டுபோய் உறையவைத்தால்தான் உயிரோடு இருக்கும். தட்டான் கடைத் தாயத்தில் அது நடக்காது. பாட்டி அதை மருந்தாக வைக்கவில்லை, பேரன் மேல் இருந்த ஆசையில் வைத்தார். வீட்டுக்கு வந்தவர் அந்த ஆசையை எடுத்துத் தன் வியாபாரத்தோடு ஒட்டியது எனக்குப் பொறுக்கவில்லை.

பெரம்பூர் லோகோ எழுதியது:

எல்லோரும் எதிர்த்தே எழுதுவதால் நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். மகளுக்கு 2019-இல் சேமித்தோம். நாங்கள் சேர்ந்தது பொதுத் தொகுப்பு முறை. அதாவது என் மகளுடைய பை அவளுக்கு மட்டும் என்று இல்லை, சேர்ந்திருக்கிற எல்லாருடைய பைகளும் ஒரே தொகுப்பு, யாருக்குத் தேவையோ அவர்கள் பொருந்துகிற பையை எடுத்துக்கொள்ளலாம். தன் நோய்க்குத் தன் ரத்தமே பல நேரம் பயன்படாது என்று சொல்வார்களே, அந்தக் குறை இதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பை தருவிக்க லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்கள், இங்கே உறுப்பினருக்கு இலவசம். இந்தியர்களுக்கு இந்தியர்களுடைய ரத்தம் பொருந்தத்தான் வாய்ப்பு அதிகம், அதுவும் உண்மை. எனக்குத் தெரிந்து இது மோசடி இல்லை. அரசாங்க உரிமம் வாங்கி நடத்துகிறார்கள். வசதி இருப்பவர்கள் சேமிப்பதில் என்ன தவறு? காருக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோம், விபத்து நடக்கவில்லை என்று யாராவது வருத்தப்படுகிறோமா?

ஸ்லைடு கண்ணாடி எழுதியது:

லோகோ சார், மோசடி என்று நானும் சொல்ல மாட்டேன். ரத்த வங்கியில் டெக்னீசியனாக இருக்கிறேன், இந்த ரத்தத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். 1988-இல் பாரிஸில் டாக்டர் எலியான் குளூக்மான் முதன்முதலாக இதைச் செய்துகாட்டினார். ஃபான்கோனி ரத்தசோகை என்கிற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு, அவன் தங்கை பிறந்தபோது எடுத்து வைத்த தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த முதல் ஆளையே பாருங்கள், அவன் பிழைத்தது தன் ரத்தத்தால் இல்லை, தங்கை ரத்தத்தால்.

தம்பி புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். தலசீமியா மாதிரி பரம்பரை நோய் என்றால் அந்தக் கோளாறான மரபணு, சேமித்து வைத்த அணுவிலும் அப்படியே இருக்கும். கெட்டுப்போன பாலிலிருந்து எடுத்து வைத்த உறையைப் போட்டால் தயிர் எப்படி நன்றாக வரும்? குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பலருக்கு அதற்கான முதல் மாற்றம் பிறக்கும்போதே ரத்தத்தில் இருந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆகவே அதற்கும் தன் ரத்தத்தைக் கொடுக்கத் தயங்குவார்கள். இன்னொன்று, அடுத்தவருடைய அணு உள்ளே போனால் மிச்சமிருக்கும் புற்றணுவை அது எதிரியாகப் பார்த்து அழிக்கும், தன் அணு அதைச் செய்யாது. வந்தவர் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னாரே, அதற்கே நிலைமை இது.

ஆட்டிசம் என்று சொன்னதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 180 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. தொப்புள்கொடி ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், வெறும் பேருக்கு ஊசி போட்ட பிள்ளைகளுக்கும், அவர்கள் முக்கியமாக அளக்க நினைத்த, பிறரோடு பழகும் திறனில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை என்று நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் பிரிவே 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. சர்க்கரைக்கும் இது நடைமுறையில் இருக்கிற சிகிச்சை கிடையாது.

இன்சூரன்ஸ் என்று சொன்னீர்கள் சார். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு, இதை உயிரியல் காப்பீடு என்று விளம்பரம் செய்வது சரியில்லை என்று சொல்கிறது. ஒரு பிள்ளைக்குத் தன் சொந்தப் பை தேவைப்படும் வாய்ப்பு 0.04-லிருந்து 0.0005 சதவீதம் என்று அதில் இருக்கிறது. 2,500 பேரில் ஒருவர் என்பதிலிருந்து 2 லட்சம் பேரில் ஒருவர் வரை. ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலும் தன் சொந்த உபயோகத்துக்குச் சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லை என்றே சொல்கிறது. கொடியின் திசு, பல் என்று சேர்த்து விற்கிறார்களே, அதற்கெல்லாம் அனுமதியே இல்லை, ரத்தத்துக்கு மட்டும்தான்.

பொதுத் தொகுப்பு, தனிச் சேமிப்பை விட நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருந்துகிற பை கிடைத்தாலும் அளவு போதுமா என்பது அங்கேயும் வரும். இப்போது பாதி பொருத்தம் இருந்தால்கூட அப்பாவோ அம்மாவோ தானம் கொடுக்கிற முறை வந்துவிட்டது, அதனால் தொப்புள்கொடி ரத்தத்தின் தேவை முன்பு இருந்ததை விடக் குறைந்திருக்கிறது. 75 வருடம் என்கிறார்கள். தொட்டி சூடாகிவிட்டால்? சிங்கப்பூரில் 2023-இல் ஒரு தனியார் வங்கியின் தொட்டிகள் சரியான குளிரில் இல்லாமல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பைகள் வீணாகிவிட்டதாக அந்த நாட்டு சுகாதார அமைச்சகமே அறிவித்தது.

எண்ணூர்க்காரி எழுதியது:

உண்மையில் யாருக்காவது பயன்பட்டதா என்று கேட்டீர்கள். எங்களுக்குப் பயன்பட்டது. அதனால் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் மூத்தவளுக்கு எட்டாவது மாதத்தில் முகம் வெளுக்க ஆரம்பித்தது. பால் குடிக்க மாட்டாள், தூங்கிக்கொண்டே இருப்பாள். பல் முளைக்கிறது என்றார்கள், திருஷ்டி என்றார்கள். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் தலசீமியா மேஜர் என்று வந்தது. எனக்கும் என் கணவருக்கும் அந்த மரபணு ஒன்றொன்று இருந்திருக்கிறது, நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம், தெரியவே இல்லை. அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். முதல் பஸ் பிடித்துப் போய், அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தி, சாயங்காலம் வரை உட்கார்ந்து, இரவு வீடு வருவோம். ஏற்றிய தேதி, எத்தனை யூனிட் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பேன். மூன்று நோட்டு நிறைந்தது.

இரண்டாவது முறை கருத்தரித்ததும் 11-ஆவது வாரத்திலேயே கருவுக்குப் பரிசோதனை செய்தார்கள். அந்த ரிசல்ட் வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மேஜர் இல்லை என்று வந்தது. அப்போது டாக்டரே கூப்பிட்டுச் சொன்னார், பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து வையுங்கள், அக்காவுக்குப் பொருந்தினால் பயன்படும் என்று. கூடப் பிறந்தவர்களுக்குள் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. எங்கள் பையனுடையது பொருந்தியது. தெய்வம் என்று நான் சொல்வேன், நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தப் பை மட்டும் போதவில்லை. அவள் அதற்குள் வளர்ந்துவிட்டாள். பையனுக்கு இரண்டு வயது ஆகும் வரை காத்திருந்து, அவன் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையும் கொஞ்சம் எடுத்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவள் தனி அறையில் முடியெல்லாம் கொட்டிப்போய்ப் படுத்திருந்த நாட்களை இங்கே எழுத முடியாது. மூன்றாவது நோட்டில் கடைசித் தேதிக்குப் பிறகு வெறும் பக்கங்கள்தான் இருக்கின்றன. இப்போது ஆறாவது படிக்கிறாள்.

தம்பி, எங்கள் வீட்டில் நோயாளி ஏற்கெனவே இருந்தாள். அவளுக்காக டாக்டர் சொல்லி எடுத்தோம். ஐசிஎம்ஆரும் அப்படி மூத்த பிள்ளைக்கு நோய் இருந்தால் எடுக்கலாம் என்றுதான் சொல்கிறது என்று எங்கள் டாக்டர் சொன்னார். யாருக்கு என்றே தெரியாமல், என்ன நோய் என்றே தெரியாமல் எடுத்து வைப்பது வேறு. உங்கள் இருவர் குடும்பத்திலும் அடிக்கடி ரத்தம் ஏற்றுகிற பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். உங்கள் மனைவி தலசீமியா கேரியரா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு முதல் பிரசவத்தின்போது அதை யாராவது செய்திருந்தால் என்று நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மணிக்கூண்டு தம்பி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, அவளே போனை வாங்கிப் படித்தாள். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

மனைவியின் ஃபைலைப் புரட்டிப் பார்த்தோம், தலசீமியா பரிசோதனை ஐந்தாவது மாதத்திலேயே செய்திருக்கிறார்கள், நார்மல் என்று இருக்கிறது. எங்களுக்கு அது என்னவென்றே தெரியாமல் இருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டேன், அப்படி யாரும் இல்லை. மாமனாரிடம் கணக்கோடு பேசினேன், அந்த 36-ஐ 2.5-ஆல் வகுத்த கணக்கைத்தான் சொன்னேன். அவர் ஒர்க்‌ஷாப்பில் அளவுகோலோடு இருந்த மனிதர், சட்டென்று புரிந்துகொண்டார். வங்கிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை கூப்பிட்டார்கள், எடுக்கவில்லை.

லேபர்வார்டு அக்காவிடம் இன்னொன்று கேட்க வேண்டும். பிள்ளை குறுக்காக இருக்கிறது, திரும்பாவிட்டால் சிசேரியன் என்கிறார்கள். சிசேரியன் என்றாலும் கொடியைப் பொறுத்து வெட்ட முடியுமா? அப்படிச் செய்தால் மஞ்சள்காமாலை வரும் என்று சித்தி சொல்கிறார்.

லேபர்வார்டு அக்கா எழுதியது:

முடியும் தம்பி. பிள்ளையை வெளியே எடுத்ததும் தாயின் தொடை மேல் துணி விரித்துப் படுக்க வைத்து ஒரு நிமிடம் பொறுப்பார்கள், பல ஆஸ்பத்திரிகளில் இப்போது இது பழக்கத்துக்கு வந்துவிட்டது. பிள்ளை அழவில்லை, மூச்சு விடவில்லை என்றால் மட்டும் உடனே வெட்டி எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், அப்போது நீங்கள் எதுவும் கேட்காதீர்கள், அவர்கள் வேலையைச் செய்யட்டும். மஞ்சள் கொஞ்சம் கூடலாம், சித்தி சொல்வது பொய் இல்லை, ஆனால் அதை மூன்றாவது நாள் பார்த்து, தேவைப்பட்டால் நீல வெளிச்சத்தில் வைத்துச் சரிசெய்துவிடுவார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போன பிறகு சொல்லிப் பயனில்லை, இப்போதே சொல்லிவையுங்கள்.

ஸ்லைடு கண்ணாடி எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. ஸ்டெம் செல்லால் யாருக்காவது நல்லது நடக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. தாத்ரி என்று நம் சென்னையிலேயே 2009-இல் தொடங்கிய தானப் பதிவேடு இருக்கிறது. 18-லிருந்து 50 வயதுக்குள் இருப்பவர்கள் பதியலாம். கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள், ஊசிகூட இல்லை, பணமும் இல்லை. யாருக்காவது பொருந்தினால் கூப்பிடுவார்கள்.

மணிக்கூண்டு தம்பி எழுதியது:

பதிந்துவிட்டேன் சார், யார்டில் இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். மனைவி பிரசவம் முடிந்து பிறகு பார்க்கிறேன் என்கிறாள்.

வெள்ளிக்கிழமை செக்கப். கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டவும் என்று ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம், டாக்டரிடம் காட்டிப் பேசப் போகிறோம். அம்மா என் தாயத்தைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். பேரப்பிள்ளைக்கும் ஒன்று செய்ய வேண்டும் என்று எம்சி ரோட்டுக்குப் போய்த் தட்டானிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.